கட்டில் சத்தத்துக்குப் பதினோரு வார்த்தை

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு. சபதங்களை நான் எப்போதும் காபிக்குப் பிறகுதான் செய்வேன். முன்னால் செய்தால் காபி வராது.

அந்த அறை ஒன்றும் அரண்மனை இல்லை. எட்டடிக்கு ஏழடி. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக் கழிவுநீர்க் குழாய் தரிசனம் தரும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. எங்கள் வீட்டில் உள்பக்கம் ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழும் அறைகள் இரண்டே இரண்டு. இன்னொன்றில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார்கள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அதில் நான் மனிதனாக இருந்த நேரமெல்லாம் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்த அறை மீது என் மனைவிக்குக் கண். தனக்காக இல்லை, அவள் அண்ணனுக்காக. மச்சான் ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் முப்பது வருடம் இரும்புத் தகடுகளைச் சம்மட்டியால் அடித்தவர். காது இரண்டும் அங்கேயே தங்கிவிட்டன. அவர் மட்டும் ஓய்வு பெற்று வெளியே வந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, தனியாக இருந்தார்.

"அண்ணன் ஒத்தையா கிடக்குறாருங்க. காலிங் பெல் அடிச்சாக்கூடக் கேக்காது. பால்காரர் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடறாராம்."

"வரட்டும். ஹால்ல படுக்கட்டும்."

"பெரிய மனுஷன் ஹால்ல படுப்பாரா?"

"நீ கோவமா இருக்குறப்போ நான் படுக்கலையா?"

"நீங்க பெரிய மனுஷனா?"

காபிக்கு முன்னால் என்றால் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். ஆனால் அன்றைக்குக் காபி உள்ளே போயிருந்தது. எழுந்து நின்றேன்.

"இதைக் கேட்டுக்கோ. அந்த ரூம்ல ஒரு மனுஷன் உக்காந்து வேலை பார்க்க முடியற வரைக்கும் அது என் ரூம். முடியாதுன்னு ஒரு நாள் வரட்டும், நானே என் கையால உங்க அண்ணன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து உள்ளே வைக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"என் தலையில அடிச்சு?"

"அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. மேஜையில அடிச்சு."

அடித்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவி பேசாமல் போனால் பயப்பட வேண்டும். நானோ ஜெயித்துவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

என் தொழிலை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் படங்களில் கீழே எழுத்து ஓடும், பார்த்திருப்பீர்கள். காது கேளாதவர்களுக்காக ஓடுவதில் பேச்சு மட்டும் இருக்காது. கதவு அடைபடும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம், தூரத்தில் நாய் குரைக்கும் சத்தம் என்று எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். அதை எழுதுகிற புண்ணியவான் நான். படத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆங்கிலத்தில் 'லவுட்' என்றால் பலத்த சத்தம். வெறும் லவுட் என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறி வேலை. 'வெரி லவுட்' என்பது பள்ளிக்கூடப் பையன் வேலை. விஷயம் தெரிந்தவன் முன்னால் வேறு வார்த்தை போடுவான். 'அன்பேரபிளி லவுட்' என்றால் பொறுக்கவே முடியாத சத்தம். 'டெஃபனிங்லி லவுட்' என்றால் காதைச் செவிடாக்குகிற சத்தம். 'அப்நாக்ஸியஸ்லி லவுட்' என்றால் சத்தம் போடுகிறவனை அறையலாம் போலத் தோன்றும் சத்தம். 'எக்ஸ்க்ரூசியேட்டிங்லி லவுட்' என்றால் சித்திரவதை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சத்தமே நின்றுபோகும் என்பது ஒன்றுதான் குறை. இப்படி நாற்பத்து மூன்று வார்த்தைகளை ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள் அல்லவா, அதுபோல.

சேர்த்து என்ன பயன்? ஆபீஸில் எனக்கு மேலே ஒரு ஆள். எல்லோரும் அவரைக் கத்தரி என்போம். நான் எழுதி அனுப்புவதை வெட்டுவதுதான் அவர் உத்தியோகம்.

"ஸ்கிரீன்ல இடம் இல்ல சார். லவுட் நாய்ஸ்னு போட்டா போதும்."

"கப்பல் ரெண்டா உடையுது சார்."

"லவுட் நாய்ஸ்."

"போன சீன்ல குக்கர் வெடிச்சதுக்கும் அதையேதானே போட்டீங்க?"

"ரெண்டும் சத்தம்தானே? காது கேக்காதவனுக்கு எதுக்கு சார் இத்தனை வார்த்தை?"

ஆபீஸில் வார்த்தையை வெட்டுகிறார்கள். வீட்டில் வாயைத் திறக்கவே விடுவதில்லை. நாற்பத்து மூன்று வார்த்தையும் நோட்டுக்குள் கிடந்து மட்கிக்கொண்டிருந்தன. என்னோடு சேர்த்து அவற்றையும் எரித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சபதம் செய்த மூன்றாம் நாள், காலை பத்து மணி. தாழ்ப்பாளைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். தலைக்கு மேலே 'கர்ர்ர்ரீச்ச்' என்று ஒரு சத்தம். இரும்புக் கட்டிலைத் தரையோடு தரையாக இழுக்கிற சத்தம். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. ஒரு கணம் நின்றது. மறந்து வைத்துவிட்டு வந்ததை எடுக்கப் போவதுபோலத் திரும்பி வந்தது. எனக்குப் பல் கூசியது. மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தேன். ஹாலில் என் மனைவி ஒட்டடைக் கம்பும் கையுமாக நின்றாள்.

"தட்டினேங்க. மேல கேட்டிருக்கும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் கட்டில் ஓடியது. பிறகு கம்பால் 'டொக், டொக்' என்று கூரையில் இரண்டு தட்டு தட்டினாள். சத்தம் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் எனக்காக ஒருவர் கம்பைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்துத் தூக்கியது வேறு கணக்கு.

அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை. பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு. ஒவ்வொரு தடவையும் ஹாலில் மூன்று தட்டு கேட்கும், மேலே கட்டில் ஓடும், கடைசியில் இரண்டு தட்டு, அமைதி. மூன்று இரண்டாகக் குறைவது, பாவம், கை வலியால் என்று நினைத்தேன். தட்டு முன்னாலா, சத்தம் முன்னாலா என்று நான் கவனிக்கவில்லை. சத்தத்தைக் கவனித்து எழுதிச் சாப்பிடுகிறவன் நான். வெளியே சொன்னால் வெட்கம்.

மேல் வீட்டில் இருப்பவர் ஒரு நர்ஸ். மாலை ஷிஃப்டுக்குப் போகிறவர். நாலாம் நாள் மாடிப்படியில் மடக்கினேன்.

"சிஸ்டர், கட்டில் சத்தம் தாங்க முடியல."

"ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும். பத்துக்கு எத்தனை?"

"என்ன எத்தனை?"

"லேசா இருந்தா ஒண்ணு. தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு எத்தனை?"

"பன்னிரண்டு!"

"பன்னிரண்டுக்காரங்க இப்படி நின்னு பேச மாட்டாங்க சார். நீங்க அஞ்சுதான்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். மறுநாளிலிருந்து கட்டில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. கூடவே ஒரு பாத்திரமும் உருண்டது.

என் வேலை நாறிப்போனது. காதல் காட்சியில் 'இரும்பு உராயும் சத்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கத்தரி போன் போட்டுச் சிரித்தார். பத்தாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் காபி. நான் கேட்காத காபி.

"நீங்க வீட்டு ஓனருக்கு ஒரு லெட்டர் போடுங்க."

"ஓனர் வெளிநாட்டுல இருக்காரு. அவருக்குத் தமிழ் படிக்க வராது."

"இங்கிலீஷ்ல எழுதுங்க. சத்தத்தைப் பத்தி இங்கிலீஷ்ல எழுத உங்களை விட்டா ஆளு யாருங்க இருக்கா?"

இருபத்தாறு வருடத்தில் அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கை தானாகவே பேப்பரைத் தேடியது. மேல் வீட்டுச் சத்தம் வெரி லவுட் என்று எழுதி, தமிழில் அர்த்தமும் சொன்னேன்.

"ரொம்பப் பலமான சத்தமா? இவ்வளவுதானா உங்க படிப்பு? என்னமோ இட்லி வெந்திருக்குங்குற மாதிரி இருக்கு."

"சரி. அன்பேரபிளி லவுட். பொறுக்க முடியாத சத்தம்."

"நீங்க பொறுக்காதவரா? என்னையே பொறுத்துக்கிட்டு இருக்கீங்க. ஓனர் நம்ப மாட்டார். இன்னும் காரமா போடுங்க."

"டெஃபனிங்லி. காதைச் செவிடாக்குற."

"ம். இது தேவலை. இன்னும் இருக்கா?"

இன்னும் இருக்கா! நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். எனக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருடம் வெட்டி வெட்டி எறிந்த வார்த்தைகளை ஒருத்தி கை நீட்டிக் கேட்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எக்ஸ்க்ரூசியேட்டிங்லியைக் கேட்டதும் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மாடி! இதைச் சொல்றதுக்கே ஒரு ஆள் துணைக்கு வேணும் போல. இதை ரெண்டு இடத்துல போடுங்க."

போட்டேன். ஒரு கட்டில் சத்தத்துக்குப் பதினோரு வார்த்தை. உலகத்தில் எந்தக் கட்டிலுக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

"எல்லாம் சரிங்க. இதனால நீங்க படுற கஷ்டம் ஓனருக்கு எப்படித் தெரியும்? இந்த ரூம்ல வேலை பார்க்க முடியலைன்னு ஒரு வரி போடுங்க."

"போட்டாச்சு. வேலை பார்க்க முடியாது."

"சும்மா முடியாதா?"

"அட்டர்லி இம்பாசிபிள். அறவே முடியாது."

"யாரால முடியாதுன்னு கேட்டா? இவர் ஒருத்தரால முடியல, வேற ஆளு இருந்துப்பான்னு நினைச்சா?"

"எந்த மனுஷனாலயும் அறவே முடியாதுன்னு போடறேன்."

"காது கேக்குற எந்த மனுஷனாலயும்னு போடுங்க. லெட்டர்னா கரெக்டா இருக்கணும் இல்ல?"

அசந்துபோனேன். என்ன துல்லியம்! இவள் மட்டும் கத்தரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன் என்று நினைத்தேன். அப்படியே எழுதினேன். கீழே தமிழிலும் எழுதச் சொன்னாள், தனக்கும் படித்துப் பார்க்க ஆசை என்றாள். அதையும் எழுதினேன். இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். தபாலில் சேர்க்கிறேன் என்று அவளே வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னிடம் 'இன்னும் இருக்கா' என்று கேட்ட ஒரே ஆள் என் மனைவி. அதற்காக அந்த அறையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது அவள் வழக்கமில்லை.

நாலு நாள் கழித்து, கொஞ்சம் நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். ஹாலில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் ஒரு இரும்புப் பெட்டி.

"வாங்க மாப்ளே!" என்றார், தெருமுனைக்குக் கேட்கும்படி. காது கேளாதவர்கள் நம்மையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள்.

என் மனைவி பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள்.

"நீ இதை அனுப்பலையா?"

"அனுப்பினா ஓனர் சத்தத்தை நிறுத்திடுவாரே."

"என்னது?"

"நீங்க எழுதினதைப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க. 'இந்த அறையில் காது கேட்கும் எந்த மனிதனாலும் உட்கார்ந்து வேலை பார்க்க அறவே முடியாது.' கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். ஆனா..."

"ஒரு மனுஷன் வேலை பார்க்க முடியற வரைக்கும்தான் உங்க ரூம்னு சொன்னீங்க. முடியாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. மேஜையில வேற அடிச்சீங்க."

"அப்போ அந்தச் சத்தத்துல உங்க அண்ணன் மட்டும் எப்படி இருப்பாரு?"

"அண்ணனுக்குத்தான் கேக்காதே. காது கேக்குற மனுஷனால முடியாதுன்னுதானே எழுதியிருக்கீங்க? நீங்க எழுதின எழுத்துக்கு நாங்க மரியாதை கொடுக்க வேணாமா?"

மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அழைத்தார்கள், வந்துவிட்டார்.

"பெட்டியை உங்க கையால தூக்கி வைக்கிறேன்னு சொன்னீங்க" என்று ஞாபகப்படுத்தினாள்.

தூக்கினேன். கொதிகலனையே கையோடு கொண்டுவந்துவிட்டாரோ என்று சந்தேகப்படும் கனம். அதை அறைக்குள் வைத்துவிட்டு என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. அதை நான் வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

இப்போது என் ஆபீஸ் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில். ஒரு ஸ்டூல், ஒரு பலகை. மூலையாக இருந்தாலும் அதை என் மூலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. மச்சான் வந்த நாளிலிருந்து மேலே சத்தமே இல்லை. பத்து மணிக்கு இல்லை, பன்னிரண்டுக்கு இல்லை, மூன்றுக்கும் இல்லை. மாடிப்படியில் நர்ஸைப் பார்த்தேன். அவரே நிறுத்திக் கேட்டார்.

"இப்ப எத்தனை சார்?"

"பூஜ்யம், சிஸ்டர். கட்டிலை வித்துட்டீங்களா?"

"அக்கா தட்டறதை நிறுத்திட்டாங்களே சார். மூணு தட்டினா இழுக்கணும், ரெண்டு தட்டினா விட்டுடணும். அப்படித்தானே பேச்சு? ரெண்டு வாரமா இழுத்து இழுத்து எனக்கு இடுப்பு போச்சு. என்ன பண்றது, உங்க காதுக்கு ட்ரெயினிங், வேலைக்குத் தேவைன்னு அக்கா சொன்னப்போ மாட்டேன்னு சொல்ல மனசு வரல. அஞ்சுல நின்னுட்டீங்கன்னுதான் நடுவுல டோஸைக் கூட்டி ஒரு அண்டாவையும் உருட்டினேன். இப்ப காது தேவலையா?"

"நல்லாயிருக்கு, சிஸ்டர்" என்றேன். வேறு என்ன சொல்ல? "ரொம்ப நன்றி" என்றும் சொன்னேன்.

இத்தோடு முடிந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். மச்சானுக்கு டிவி பார்க்கும் பழக்கம். அதுவும் ஆங்கிலப் படம். சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்துவிடுவார். "காதுக்குக் கேக்காட்டியும் நெஞ்சுல அதிரணும் மாப்ளே!" என்பார். அறைக்கதவு அதிரும். ஃபிரிட்ஜுக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும். ஒரு கட்டில் எவ்வளவு சாதுவான பிராணி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நேற்று என்னை உள்ளே கூப்பிட்டார். என் மேஜை மேல் டிவி. அதில் ஒரு கப்பல் இரண்டாக உடைந்துகொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது. எனக்குத் தெரிந்த எழுத்து.

"மாப்ளே, எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? லவுட் நாய்ஸ், லவுட் நாய்ஸ்னே போடுறான். எப்படிப்பட்ட சத்தம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறான். கேக்குறவனுக்கு வேணாம். எனக்கு வேணும்ல? எவனோ சரியான கஞ்சப்பய!"

இருபத்திரண்டு வருடமாக நான் யாருக்காக எழுதினேனோ, அந்த ஆள் இவர்தான். இவருக்குக் கொடுக்கத்தான் நாற்பத்து மூன்று சேர்த்தேன். பதினொன்று அவர் தங்கையின் பீரோவில் இருக்கிறது, மிச்சத்தைக் கத்தரி வெட்டிவிட்டார், கஞ்சன் என்ற பெயர் எனக்கு. நான்தான் எழுதினேன் என்று கத்திச் சொன்னேன். "ஆமாமா, கஞ்சன்தான்!" என்று தலையாட்டினார்.

நேராக மனைவியிடம் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டிவி சத்தம். உங்க அண்ணன்கிட்ட சொல்லி வை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நான் உட்காரும் ஸ்டூலையும், பலகையையும், அந்த மூலையையும் மெதுவாகப் பார்த்தாள்.

"எவ்வளவு சத்தங்க?" என்றாள், அன்றைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது இருந்த அதே கனிவோடு.

எக்ஸ்க்ரூசியேட்டிங்லி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அதை இன்னொரு தடவை சொன்னால் இந்த மூலையும் போய்விடும்.

"லேசாத்தான்" என்றேன்.

"டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்களேன்."